உறவுக்குள் தத்து கொடுக்க ‘எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம்’: சிங்கப்பூர் வழக்கறிஞர் சேவை எவ்வளவு தூரம் தாங்கும்?

அக்கா பிள்ளையைத் தங்கை வளர்ப்பதும், பேத்தியைத் தாத்தா பாட்டி தூக்கிக்கொண்டு வருவதும் நம் குடும்பங்களில் புதிதில்லை. வளர்ப்பதைச் சட்டப்படி ஆக்கிவிடலாம் என்று இணையத்தில் தேடினால், ‘உறவுமுறைத் தத்தெடுப்பு, நிலையான கட்டணம்’ என்று சிங்கப்பூரின் சிறிய, நடுத்தர வழக்கறிஞர் நிறுவனங்கள் பல விளம்பரம் செய்வது தெரியும். சில ஆயிரம் வெள்ளிக்கு எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். அந்த ‘எல்லாம்’ என்பதில் எது உண்டு, எது இல்லை, பணம் எங்கே உழைக்கிறது, எங்கே வீணாகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். எந்த நிறுவனத்தையும் பெயர் சொல்லிப் புகழவோ இகழவோ போவதில்லை. தொகுப்பின் அமைப்பு ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

வழக்கமாக உள்ளே இருப்பவை: முதல் ஆலோசனை, விண்ணப்பதாரரின் சத்தியக்கூற்று, பெற்றவர்களின் சம்மதப் படிவங்கள், நீதிமன்றத்தில் மின்வழித் தாக்கல், விசாரணை நாளில் ஆஜராவது, ஆணையின் நகலை எடுத்துத் தருவது. வெளியே நிற்பவை: நீதிமன்றக் கட்டணம், சத்தியப் பிரமாண ஆணையருக்கு ஒவ்வொரு ஆவணத்துக்கும் கட்ட வேண்டியது, மொழிபெயர்ப்பு, வெளிநாட்டில் நோட்டரி செலவு, தத்து முகவையின் மதிப்பீட்டுக் கட்டணம், காணாமல் போன தந்தையைத் தேடும் செலவு. விலைப்பட்டியலில் இந்த இரண்டாம் வரிசை சின்ன எழுத்தில்கூட இல்லாமல் இருப்பதுதான் முதல் குறை. நேராகக் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். கேட்காதவர்களுக்குக் கடைசிப் பில்லில்தான் தெரியும்.

முதல் அரைமணி நேரம்

இந்தச் சேவையின் தரம் முதல் ஆலோசனையிலேயே தெரிந்துவிடும். நல்ல வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி, ‘உங்களுக்குத் தத்து எதற்கு?’ என்பதாக இருக்கும். சுமாரானவர் அடையாள அட்டை நகலைக் கேட்பார்.

இதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. ‘என் பிள்ளை மேல் எனக்குள்ள உரிமையை என் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிறேன்’ என்று வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சி போட்டுக் கையெழுத்திட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் அப்படித் தனியாகப் பெற்றோர் உரிமையைத் துறக்கும் நடைமுறை கிடையாது. பெற்றவரின் உரிமையும் கடமையும் இன்னொருவருக்கு முழுதாக மாறுவது நீதிமன்றத்தின் தத்து ஆணையால்தான். பெற்றவர் போடும் சம்மதக் கையெழுத்து அந்த ஆணைக்கான ஒரு படி. ஆணை வராத வரை அம்மா அம்மாதான், அப்பா அப்பாதான். பள்ளிக் கட்டணத்துக்கும் பராமரிப்புக்கும் அவர்களே பொறுப்பு. மாதாமாதம் பராமரிப்புப் பணம் கட்டுவதிலிருந்து தப்பிக்க ‘உரிமையை விட்டுவிடுகிறேன்’ என்று வரும் தந்தையிடம், அது நடக்காது என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியது வழக்கறிஞரின் வேலை. பணம் வாங்கிய பிறகு சொல்வதில் பிரயோசனமில்லை.

தத்து ஆணை வந்தால் என்ன ஆகும்? பெற்றவரின் உரிமை, கடமை, பொறுப்பு எல்லாம் அறுந்துவிடும். சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை தத்தெடுத்தவர்களுக்கே பிறந்த பிள்ளை. உயில் இல்லாமல் பெற்ற தாய் இறந்தால் அவள் சொத்தில் அந்தப் பிள்ளைக்குப் பங்கு வராது. தத்தெடுத்தவரின் சொத்தில் வரும். மனம் மாறினால் திருப்பி வாங்கிக்கொள்ளும் வழி சாதாரணமாக இல்லை. இவ்வளவு கனமான கருவி எல்லாருக்கும் தேவையில்லை. அம்மா இரண்டு வருட ஒப்பந்தத்தில் வெளிநாடு போகிறாள், பிள்ளையைப் பெரியம்மா வீட்டில் விட்டுப் போகிறாள் என்றால், பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் எழுத்து மூலமான அதிகாரக் கடிதம் போதும். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளை யாரிடம் போக வேண்டும் என்பதுதான் கவலை என்றால், 1934-ஆம் ஆண்டின் குழந்தைகள் பாதுகாவலர் சட்டப்படி, உயில் மூலமோ பத்திரம் மூலமோ பாதுகாவலரை நியமிக்கலாம். அது பெற்றவர் இறந்த பிறகே நடப்புக்கு வரும், பெற்ற உறவையும் அறுக்காது. செலவும் தத்து வழக்கோடு ஒப்பிட்டால் அற்பம். இந்த இரண்டையும் முதல் ஆலோசனையில் சொல்லாத தொகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

பள்ளிச் சேர்க்கைக்காகவோ நிரந்தரவாசத்துக்காகவோ மட்டும் தத்து என்றால் அது தத்து விவகாரங்களைப் பார்க்கும் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சிலும் நீதிமன்றத்திலும் நிற்காது. பெற்றவர்கள் நன்றாக இருந்து, பிள்ளையை வளர்க்கவும் முடிகிறபோது, சித்தப்பா சிங்கப்பூரில் இருக்கிறார் என்பது ஒரு காரணமே ஆகாது. அப்படிப்பட்ட விண்ணப்பத்தையும் ‘முயற்சி செய்து பார்ப்போம்’ என்று எடுத்துக்கொள்ளும் அலுவலகங்கள் இருக்கின்றன. தொகுப்பு வியாபாரத்தின் அசிங்கமான பக்கம் இது.

யார் விண்ணப்பிக்கலாம்

2022-ஆம் ஆண்டின் தத்துச் சட்டம் 2024 அக்டோபர் 15 அன்று நடப்புக்கு வந்து, 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. இணையத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடக்கும் பல வழிகாட்டிகள் இன்னமும் பழைய சட்டத்தைத்தான் பேசுகின்றன. வழக்கறிஞர் நிறுவனத்தின் பக்கத்திலேயே பழைய படிவத்தின் பெயர் இருந்தால், அவர்கள் சமீபத்தில் இந்த வேலையைச் செய்யவில்லை என்று ஊகித்துக்கொள்ளலாம்.

பிள்ளை 21 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும், மணமாகியிருக்கக் கூடாது. தத்தெடுப்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும். இரத்த உறவு என்றால் இந்த வயது நிபந்தனையைத் தளர்த்த இடமுண்டு. பெற்றோரை இழந்த தம்பியை 28 வயது அக்கா தத்தெடுக்க வரும்போது இந்தத் தளர்வு உதவும். எதிர்ப்பக்கத்தில், எழுபதை நெருங்கும் பாட்டி கைக்குழந்தைக்கு விண்ணப்பித்தால் கேள்வி வேறு மாதிரி வரும். குழந்தைக்கு 15 வயது ஆகும்போது யார் பார்த்துக்கொள்வார்கள், உடல்நிலை எப்படி, மாற்றுத் திட்டம் என்ன என்பதற்கெல்லாம் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும். மணமானவர்கள் கணவன் மனைவியாகச் சேர்ந்து விண்ணப்பிப்பதே வழக்கம். தனி ஆண் ஒருவர் பெண்பிள்ளையைத் தத்தெடுக்க விசேஷக் காரணம் காட்ட வேண்டும், தாய்மாமன் என்றாலும் அப்படித்தான்.

சம்மதம் வாங்கும் இடம்

கொடுத்த காசு உழைக்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலான தொகுப்புகள் அலட்சியம் காட்டுவதும் இங்கேதான்.

பெற்ற தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும். விவாகரத்தில் தாய்க்கு மட்டும் முழுப் பொறுப்பு கிடைத்திருந்தாலும் தந்தையின் சம்மதம் தேவையில்லாமல் போய்விடாது. ‘கோர்ட்டே எனக்குத்தான் கொடுத்தது, அவரிடம் எதற்குக் கேட்க வேண்டும்?’ என்று கோபப்படும் தாய்மார்கள் உண்டு. கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழைச் சேர்த்தால் போதும்.

கையெழுத்து சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் போடப்பட வேண்டும், வெளிநாட்டில் என்றால் நோட்டரி பப்ளிக் முன்னிலையில். வாட்ஸ்அப்பில் அனுப்பி, அச்செடுத்து, கையெழுத்திட்டு, படமெடுத்துத் திருப்பி அனுப்பிய தாள் செல்லாது. ஜொகூரில் இருக்கும் தாயிடம் ‘பக்கத்தில் எங்காவது சத்தியக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்’ என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்கள். அவரும் தெருமுனையில் இருக்கும் பெசுருஹ்ஜாயா சும்பாவிடம் (மலேசியாவின் சத்தியப் பிரமாண ஆணையர்) முத்திரை வாங்கி அனுப்புகிறார். வெளிநாட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய அது போதாமல், மறுபடி நோட்டரியைத் தேட வேண்டியதாகிறது. தொகுப்பில் இதற்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தால் போதும். பலர் கொடுப்பதில்லை.

அடுத்தது மொழி. சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். பெற்ற தாய்க்குத் தமிழ்தான் தெரியும் என்றால், படிவம் தமிழில் அவருக்கு விளக்கப்பட்டது, அவர் புரிந்துகொண்டார் என்று மொழிபெயர்த்தவரின் பெயரோடு ஒரு குறிப்பு சத்தியக்கூற்றின் அடியில் வர வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளர் தத்தெடுக்கும் அக்காளாகவோ அத்தானாகவோ இருக்கக் கூடாது என்பது பொது அறிவு. ஆனாலும் செலவை மிச்சப்படுத்த, ‘நீங்களே அவருக்கு எடுத்துச் சொல்லிவிடுங்கள்’ என்று வழக்கறிஞர் அலுவலகமே சொல்வதுண்டு. பிறகு அமைச்சின் அதிகாரி தாயைத் தனியாகச் சந்தித்து, ‘ஆணை வந்த பிறகு இந்தப் பிள்ளைமேல் உங்களுக்கு என்ன உரிமை இருக்கும்?’ என்று கேட்கிறார். ‘எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதானே அக்கா சொன்னார்கள்’ என்று தாய் பதில் சொன்னால், வழக்கு அங்கேயே நின்றுவிடும். நிற்கவும் வேண்டும்.

இரு தரப்புக்கும் ஒரே வழக்கறிஞர் என்பதும் தொகுப்பில் இயல்பாக வருவது. பணம் கட்டுபவர் தத்தெடுப்பவர்; வழக்கறிஞர் அவருடையவர். கொடுப்பவருக்கு ஆலோசனை சொல்ல யாரும் இல்லை. கொடுக்கும் தாய்க்குத் தனியாக ஒரு மணி நேர ஆலோசனை, வேறொரு அலுவலகத்தில், தமிழ் பேசுபவரிடம் ஏற்பாடு செய்யுங்கள். அதன் செலவைத் தத்தெடுப்பவர் ஏற்பதானால், அதையும் வழக்கறிஞரிடம் சொல்லி நீதிமன்றத்தின் பார்வைக்கு வெளிப்படையாக வையுங்கள். தத்தில் பணப் பரிமாற்றம் எதுவும் ஒளிவுமறைவாக நடக்கக் கூடாது. பிள்ளைக்குப் பதிலாகக் காசு, நகை, ஊரில் நிலம் என்று எந்த உருவத்தில் கொடுத்தாலும் குற்றம். ‘தங்கைக்கு வீட்டுக்கடனை அடைத்துக் கொடுத்தேன், அவள் பிள்ளையைக் கொடுத்தாள்’ என்று குடும்பத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வது விசாரணையில் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளப்படும்.

பெற்றவரில் ஒருவர் எங்கே என்றே தெரியவில்லை என்றால், சம்மதம் இல்லாமலே ஆணை தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். கைவிட்டுப் போனவர், பிள்ளையைப் புறக்கணித்தவர் அல்லது கொடுமைப்படுத்தியவர், தேடியும் கிடைக்காதவர், சம்மதம் தரும் மனநிலையில் இல்லாதவர் என்று அதற்கான காரணங்கள் உண்டு. ஆனால் ‘தேடினோம்’ என்ற ஒரு சொல் போதாது. கடைசியாக இருந்த முகவரிக்கு அனுப்பிய பதிவுத் தபால் ரசீது, அவர் பெற்றோர், உடன்பிறந்தோரிடம் கேட்டதற்கான ஆதாரம், பழைய கைப்பேசி எண்ணுக்குப் போன செய்திகள், தேவைப்பட்டால் நாளிதழ் விளம்பரம், இத்தனையும் தேதியோடு சத்தியக்கூற்றில் ஏற வேண்டும். தந்தை செராங்கூன் சாலையில் கடை வைத்திருக்கிறார் என்று ஊருக்கே தெரிந்திருக்க, ‘காணவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் பொய்ச் சத்தியம் ஆகிவிடும். நிலையான கட்டணம் இங்கே நிலையாக இருக்காது. சம்மதம் மறுக்கப்பட்ட வழக்கு எதிர்த்து நடக்கும் வழக்காக மாறி, மணிக்கணக்குக் கட்டணத்துக்குப் போய்விடும். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

பெயரால் வரும் தொல்லை

தமிழர் ஆவணங்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. தாயின் கடவுச்சீட்டில் ‘ரா. செல்வி’ என்பது விரிந்து தந்தை பெயர் முன்னால் வரும், ஆதாரில் பின்னால் வரும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும், சிங்கப்பூர் அடையாள அட்டையில் ‘டாட்டர் ஆஃப்’ சேர்ந்துகொள்ளும். நான்கும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். நீதிமன்றப் பதிவகத்துக்குத் தெரியாது. இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்று தனி சத்தியக்கூற்று ஒன்றைத் தாக்கலோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் இரண்டு மூன்று வாரம் மிச்சம். அனுபவமுள்ள எழுத்தர் இருக்கும் அலுவலகம் இதைக் கேட்காமலே தயாரித்து வைத்திருக்கும். வழக்கறிஞர் எவ்வளவு பெரியவர் என்பதைவிட அந்த எழுத்தர் யார் என்று பார்ப்பது உபயோகம்.

தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் இருக்கும் இடம் காலியாக இருப்பதும் சாதாரணம். மருத்துவமனையிலிருந்து பதிவு போனபோது பெயர் வைத்திருக்க மாட்டார்கள், பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் பதிவான தேதியிலிருந்து 15 ஆண்டுக்குள் தாமதக் கட்டணம் கட்டிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். இதை முதலில் முடித்துவிட்டு, அந்தப் புதிய சான்றிதழுக்கு இந்திய வெளியுறவு அமைச்சிடம், ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் ‘அப்போஸ்டில்’ முத்திரை வாங்க வேண்டும். சிங்கப்பூரில் அப்போஸ்டில் உடன்படிக்கை 2021 செப்டம்பர் 16 முதல் நடப்பில் இருப்பதால், பழையபடி தூதரகம் வழியாகச் சான்றொப்பம் வாங்கும் நீண்ட சுற்று தேவையில்லை. வரிசையை மாற்றி முதலில் முத்திரை வாங்கிவிட்டால் காசு இரட்டிப்பு.

தொகுப்புக்கு வெளியே நடப்பவை

வழக்கறிஞரின் கை எட்டாத இடம் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு. தத்துக்கு முந்தைய விளக்கக்கூட்டம், தத்தெடுக்கத் தகுதியானவரா என்ற மதிப்பீடு, பிள்ளைக்கு உண்மையைச் சொல்வது பற்றிய விளக்கக்கூட்டம் என்று படிகள் இருக்கின்றன. இவற்றில் எவையெல்லாம் உங்களுக்குப் பொருந்தும் என்பது, பிள்ளை உங்களுக்கு என்ன உறவு, எந்த நாட்டுக் குடிமகன் என்பதை வைத்து மாறும். வழக்கறிஞரிடம் பணம் கட்டுவதற்கு முன்பே அமைச்சின் இணையப் பக்கத்தில் உங்கள் வகையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். தத்துப் பணியில் நீண்டகாலமாக இருக்கும் டச் சமூக சேவைகள், ஃபெய் யூ, லுத்தரன் கம்யூனிட்டி கேர் சர்வீசஸ், அப்கிம் போன்ற அமைப்புகளிடம் நேராகவே கேட்கலாம். வழக்கறிஞர் வழியாகப் போனால் வேகமாக முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மதிப்பீடு செய்யும் சமூகப் பணியாளருக்கும் உங்கள் வழக்கறிஞருக்கும் சம்பந்தமில்லை.

தாக்கலுக்குப் பிறகு பிள்ளையின் நலனைக் காக்க ‘தத்துப் பாதுகாவலர்’ ஒருவர் வழக்குக்குள் வருவார். நடைமுறையில் அவர் அமைச்சின் அதிகாரி. வீட்டுக்கு வருவார், பெற்றவரையும் தத்தெடுப்பவரையும் தனித்தனியே பேசவைப்பார், விவரம் தெரிந்த பிள்ளை என்றால் பிள்ளையிடமும் பேசுவார், அறிக்கையை நீதிமன்றத்துக்குக் கொடுப்பார். வீட்டை வெள்ளையடித்து, புதுக்கட்டில் வாங்கிப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றறை வீடு என்பது குறையில்லை. பிள்ளை எங்கே தூங்கும், பகலில் யார் பார்ப்பார்கள், வருமானம் ஒழுங்காக வருகிறதா, ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பவைதான் கேள்விகள். வீட்டில் மாமியாருக்கு விஷயமே சொல்லாமல் வைத்திருந்து, அதிகாரி வந்த அன்று அவர் கதவைத் திறந்து ‘என்ன தத்து?’ என்று கேட்டால் அறிக்கையில் அதுவும் ஏறும்.

பிள்ளைக்கு உண்மையைச் சொல்லும் விளக்கக்கூட்டத்தை நம்மவர்கள் ‘சும்மா ஒரு கூட்டம்’ என்று தள்ளுகிறார்கள். உறவுக்குள் தத்து என்றால்தான் அது கூடுதலாகத் தேவை. நேற்றுவரை சித்தியாக இருந்தவர் அம்மாவாகிறார், பெற்றவர் சித்தியாக அதே தீபாவளிக்கு அதே வீட்டுக்கு வந்து உட்காருகிறார். முப்பது சொந்தக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம் அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரியாமல் இருக்கப் போவதில்லை. கல்யாண மண்டபத்தில் ஏதாவதொரு பாட்டி சொல்லிவிடுவார். சின்ன வயதிலேயே, பிள்ளைக்குப் புரியும் அளவில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள் என்பதுதான் சமூகப் பணியாளர்களின் அறிவுரை. பெற்ற தாயை எப்படிக் கூப்பிடுவது, எவ்வளவு அடிக்கடி சந்திப்பது என்பதை ஆணைக்கு முன்பே இரு வீட்டாரும் பேசி முடித்துவிடுவது நல்லது. தொகுப்பு எதிலும் இதற்கு இடமில்லை, இருக்கவும் முடியாது.

ஊரிலிருந்து வரும் பிள்ளை

அக்கா மகன் திருச்சியில் இருக்கிறான், இங்கே கொண்டுவந்து தத்தெடுக்க வேண்டும் என்றால், சிங்கப்பூர் தொகுப்பு பாதி வேலைதான். மறுபாதி இந்தியாவில். இந்து தத்து மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956-இன்படி பத்திரம் பதிந்துவிட்டோம், போதாதா என்பார்கள். அந்தச் சட்டத்துக்கும் விதிகள் உண்டு: பிள்ளைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது. உங்களுக்கு ஏற்கெனவே மகனோ மகன்வழிப் பேரனோ இருந்தால் இன்னொரு ஆண்பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது, பெண்ணுக்கும் அதே கணக்கு. தத்தெடுப்பவரும் பிள்ளையும் ஆண், பெண் என்று மாறியிருந்தால் 21 வயது இடைவெளி வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளை என்றால் இந்தியாவின் மத்திய தத்து வள ஆணையமான ‘காரா’வின் தடையின்மைச் சான்று இல்லாமல் நகராது.

இளம்சிறார் நீதிச் சட்டம் 2015-இன் வழியே போனால், ‘உறவினர்’ யார் என்பதை அந்தச் சட்டமே வரையறுக்கிறது: தாய், தந்தை இருவழியிலும் மாமன், சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி, பெரியம்மா, தாத்தா, பாட்டி. ஒன்றுவிட்ட அக்காளின் பிள்ளை இந்த வேலிக்கு வெளியே. நாம் எவ்வளவு நெருக்கமாக வளர்ந்தோம் என்பது அங்கே செல்லாது. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியர் பிறப்பிக்கிறார். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. ஆகவே ஐரோப்பாவில் இருக்கும் உறவினர் எளிதாக முடித்தார் என்ற கதையை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

சிங்கப்பூர்ப் பக்கத்தில், வெளிநாட்டுப் பிள்ளைக்குச் சார்ந்திருப்போர் அனுமதி வேண்டும். சுற்றுலா விசாவில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்பது ஆபத்தான விளையாட்டு. தத்து ஆணை கிடைத்தாலும் குடியுரிமை தானாக வராது. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தில் தனியே விண்ணப்பிக்க வேண்டும், மறுக்கப்படலாம். ஆண்பிள்ளை நிரந்தரவாசியாகவோ குடிமகனாகவோ ஆனால் பதினாறரை வயதில் தேசிய சேவைக்குப் பதிவு உண்டு. ஊரில் பெற்றவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை.

இந்தியா தொடர்புள்ள வழக்கில் சிங்கப்பூர் நிறுவனம் ‘எங்களுக்கு அங்கே ஆள் இருக்கிறார்’ என்று சொன்னால், அந்த ஆள் எந்த மாவட்டத்தில் காரா வேலை செய்திருக்கிறார் என்று கேளுங்கள். வெறும் பத்திரப் பதிவு ஆள் என்றால் பணமும் ஒரு வருடமும் போகும்.

நீங்களே செய்யலாமா?

பிள்ளை சிங்கப்பூரில் பிறந்தது, பெற்றவர் இருவரும் இங்கேயே இருக்கிறார்கள், இருவரும் சம்மதிக்கிறார்கள் என்றால் முடியும். ஆவணங்களை மின்வழியில் தாக்கல் செய்ய வழக்கறிஞர் இல்லாதவர்களுக்கு சைனாடவுன் பாயிண்டில் சேவை மையம் இருக்கிறது. ஆங்கிலத்தில் படிவம் நிரப்பத் தயங்காதவருக்கு இது நல்ல வழி. நடுவழியும் உண்டு: சமூகச் சட்ட ஆலோசனை நிலையங்களில் ஏறக்குறைய இருபது நிமிட இலவச ஆலோசனை கிடைக்கும். அங்கே உங்கள் காகிதங்களைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம், வழக்கை அவர்கள் நடத்த மாட்டார்கள். வருமானம் குறைவு என்றால் சட்ட உதவிப் பிரிவில் முதலில் கேட்டுப் பாருங்கள். ஒரு பெற்றவர் வெளிநாட்டில், சம்மதம் சந்தேகம், பெயர்க் குழப்பம் என்று மூன்றில் ஒன்று இருந்தாலும் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

விசாரணை பொதுவில் நடக்காது, எல்லாம் சரியாக இருந்தால் சில நிமிடத்தில் முடியும். அதற்கு முன் வரைவு ஆணையை வாங்கிப் பிள்ளையின் புதிய பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ஓர் எழுத்து தவறினாலும் அதே தவறு புதிய பிறப்புச் சான்றிதழுக்கும் கடவுச்சீட்டுக்கும் போகும், திருத்த மறுபடி நீதிமன்றத்துக்கே வர வேண்டும். ஆணை கிடைத்த பிறகு பிறப்புப் பதிவு, பள்ளி, காப்புறுதி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) குடியிருப்போர் பட்டியல் ஆகியவற்றை மாற்றும் வேலையில் தொகுப்பு உதவாது. தத்தெடுப்பு விடுப்பு 12 வாரம் என்று கேள்விப்பட்டு மகிழ்பவர்கள், அது 12 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கானது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். உறவுக்குள் நடக்கும் தத்தில் பெரும்பாலும் பிள்ளை அந்த வயதைத் தாண்டியிருக்கும்.

மத்திய சேமநிதியையும் மறக்க வேண்டாம். பெற்ற தாய் தன் சேமநிதியில் ஒரு பங்கு அந்தப் பிள்ளைக்குப் போக வேண்டும் என்று விரும்பினால், பெயர் குறிப்பிட்டு நியமனம் செய்யட்டும். நியமனம் இல்லாவிட்டால் தத்து போன பிள்ளை அவர் வாரிசு வரிசையில் இருக்காது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் கணக்கு தலைகீழ்: ஃபராயிட் என்னும் இஸ்லாமிய வாரிசுரிமை முறையில் தத்துப்பிள்ளை வாரிசு ஆகாது. வளர்ப்பவர் கொடுக்க நினைப்பதை உயிருடன் இருக்கும்போது ஹிபாவாகவோ (கொடை), மூன்றில் ஒரு பங்குக்குள் வசியத்தாகவோ (உயில்) எழுத வேண்டும். இதைச் சொல்லாத தொகுப்பை முஸ்லிம் குடும்பத்துக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தில் மூன்று கேள்விகளுக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள்: தகுதி மதிப்பீட்டில் நீங்கள் தேறாவிட்டால் எவ்வளவு திரும்ப வரும், தாக்கலுக்குப் பிறகு பெற்றவர் மனம் மாறினால் எவ்வளவு, பிள்ளையின் சார்ந்திருப்போர் அனுமதி மறுக்கப்பட்டால் எவ்வளவு. வழக்கமாக வரும் பதில் ‘பார்த்துச் செய்கிறோம்’. கட்டணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, ஒப்பந்தத்தின்போது ஒன்று, தாக்கலின்போது ஒன்று, ஆணை கையில் வந்தபின் ஒன்று என்று கேட்டால் சில அலுவலகங்கள் ஒத்துக்கொள்கின்றன. கேட்காதவர்களிடம் முழுத் தொகையையும் முன்பணமாகவே வாங்கிக்கொள்கிறார்கள்.